மூடித் திறந்தால் கறுக்கும் திரை

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை, ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது அந்தோணியம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஸ்தெல்லா, நீ டிரைவர் வேலை பாக்குறியாமே. ஆல்பர்ட் சொன்னான். லோரியா, பஸ்ஸா?"

ஆல்பர்ட் என் கணவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. பாதியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். நான் பார்த்தது டிஸ்பிளே டிரைவர் வேலை. கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு நினைவகம், விசைப்பலகை, திரை என்று ஒவ்வொன்றையும் ஏவும் நிரலைக் கெர்னல் என்பார்கள். அந்தக் கெர்னல் சொல்வது திரைக்குப் புரிவதற்காக, அதற்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதிதான் டிஸ்பிளே டிரைவர். அதில் யாராவது திருத்தம் செய்ய விரும்பினால் அதைப் 'பேட்ச்' என்று அனுப்புவார்கள். அதைப் படித்து, சரி என்றோ இன்னும் சரியாகவில்லை என்றோ சொல்வது என் பிழைப்பு. தேவாலய வாசலில் இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது? "லோரிதான் அக்கா, சின்ன லோரி" என்றேன். அவரும் திருப்தியாகப் போனார்.

ஓய்வுபெற்று ஓராண்டாகிறது. போன மாதம் என்னோடு வேலை பார்த்த ஹேமா அழைத்தாள். அலுவலகத்தில் இப்போது பேட்ச் வந்ததும் முதலில் ஒரு மென்பொருளே அதைப் படித்துக் குறை சொல்லிவிடுகிறதாம். "நல்லாதான் சொல்லுது, அக்கா. ஆனா முந்தி நீங்கல்லாம் எப்படி செஞ்சீங்கன்னு புதுசா வந்தவங்க கேக்குறாங்க. எழுதிக் குடுங்களேன் லா" என்றாள். மென்பொருளின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னைவிட வேகமாகப் படிக்கும், கண்ணாடியும் தேடாது. எழுதச் சொல்லிக் கேட்டதே மகிழ்ச்சி என்று உட்கார்ந்துவிட்டேன்.

பொறியியல் படித்துவிட்டு, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, கரையில் பேருந்து பிடித்து, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் போய்வந்தேன்; திருமணத்துக்குப் பிறகு தீவிலேயே குடியேறினோம். முதல் சில ஆண்டுகள் சிப்புகளைச் சோதிக்கும் பிரிவில் போயின. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, குளிரும். பிறகு டிரைவர் எழுதும் குழுவில் ஆள் தேவைப்பட்டது. அந்தக் குழுவின் தலைவர் மிஸ்டர் ஊய்.

ஊய் என்பது பினாங்குச் சீனர்களிடம் சாதாரணமான குடும்பப் பெயர். திருமணமான புதிதில் நான் தொலைபேசியில் "எஸ், மிஸ்டர் ஊய்" என்று பேசுவதைக் கேட்ட ஆல்பர்ட், "முதலாளியைப் போயி ஓய்னு கூப்பிடுறியே, வேலையில வச்சிருப்பாங்களா?" என்று கவலைப்பட்டார்.

மிஸ்டர் ஊய் ஆங்கிலத்தில்தான் பேசுவார், இடையிடையே ஹொக்கியன் சீனம் வந்து விழும். எனக்கு என்னவோ அவர் பேசியதெல்லாம் தமிழாகத்தான் நினைவிருக்கிறது. அவர் ஒரு பேட்ச்சைப் படிக்கும் விதம் தனி. எந்தப் பேட்ச்சிலும் மேலே ஒரு விளக்கம் இருக்கும், கீழே திருத்திய வரிகள் இருக்கும். மார்க்கெட் ஸ்ட்ரீட் நகைக்கடை ஒன்றின் பழைய நாட்காட்டி அட்டையை அவர் மேசையில் வைத்திருந்தார். அதை எடுத்துத் திரையின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுவார். விளக்கத்தை மட்டும் படிப்போம். படித்து முடித்ததும், "கீழே என்ன இருக்கும், சொல்" என்பார். நான் சொல்வேன். அட்டையை எடுப்பார். சொன்னதும் இருப்பதும் ஒத்துப்போனால் மேற்கொண்டு வரி வரியாகப் படிப்போம். விளக்கத்தைப் படித்து ஒன்றுமே ஊகிக்க முடியாவிட்டால், அட்டையை எடுக்கவே மாட்டார். பேட்ச் திரும்பிப் போகும்.

முதன்முதலாக என்னிடம் வந்த பேட்ச்சுக்கு, "நன்றாக இருக்கிறது" என்று பதில் எழுதினேன். அவர் என் மேசைக்கு வந்து, "எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டார். "எல்லாமே" என்றேன். அவர் கோபப்படவில்லை, கோப்பி குடிக்கக் கூட்டிப் போனார். கோப்பி ஆறும்வரை அந்தப் பேட்ச்சைப் பற்றியே கேள்வி. அந்தக் கோப்பியை நான் குடித்தேனா என்பதே நினைவில்லை.

நாங்கள் வேலை செய்த கெர்னல், யாரும் திறந்து படிக்கக்கூடிய, உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் சேர்ந்து எழுதுகிற ஒன்று. பேட்ச்சுகள் எல்லாம் பொதுவான ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு வரும். பாராட்டும் திட்டும் ஊரறியத்தான். நான் அனுப்பிய முதல் பேட்ச்சை ஏதோ குளிர்நாட்டுக்காரர் ஒருவர் திருப்பியனுப்பினார். ஒரு வரியின் கடைசியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், தேவையில்லாத ஓர் இடைவெளி இருந்ததாம். ஒன்றும் இல்லாததைக் கண்டுபிடித்து ஒருவர் குறை சொல்கிறாரே என்று அன்றைக்கு வீடுவரை புலம்பிக்கொண்டு வந்தேன். அடுத்த ஆண்டு நானே நான்கு பேருக்கு அதையே எழுதியிருப்பேன்.

எல்லாம் சரி என்று முடிவானால், படித்தவர் பேட்ச்சின் அடியில் 'படித்துப் பார்த்தவர் இன்னார்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி அதற்குப் பிறகு அழியாது. திரை கெட்டால் எழுதியவரைத் தேடும்போதே படித்தவரையும் தேடுவார்கள்.

இனி, சிவநேசன் சார் கதைக்கு வருகிறேன்.

அப்போது எங்கள் குழு நல்ல உற்சாகத்தில் இருந்தது. மடிக்கணினியின் மூடியைத் திறந்தால் திரை விழித்துக்கொள்ள ஆகும் நேரத்தை மில்லி வினாடி மில்லி வினாடியாகச் சுரண்டிக் குறைத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு பேட்ச் வந்தது. அனுப்பியவர் பெயர் சிவநேசன். விளக்கம் இரண்டே வாக்கியம்: "கறுப்புத் திரை சரிசெய்யப்பட்டது. வேலை செய்கிறது." கீழே மூன்று வரித் திருத்தம். திரைக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒரு முழு வினாடி சும்மா காத்திருக்க வேண்டும், எல்லா மடிக்கணினிகளிலும்.

அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. பக்கத்து இருக்கை ஃபைசால், "அரை வருஷமா நாம சேர்த்ததை இந்த ஆள் ஒரே வரியில் செலவழிக்கிறார்" என்று சொல்லி, "நிராகரிக்கப்பட்டது" என்று பதில் எழுதவும் தொடங்கிவிட்டான். மிஸ்டர் ஊய் அவன் தோளில் கை வைத்து நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"ஸ்தெல்லா, நீ எழுது. தவறு என்று எழுதாதே. எனக்குப் புரியவில்லை என்று எழுது. தவறு என்றால் அவர் போய்விடுவார். புரியவில்லை என்றால் விளக்குவார்."

எழுதினேன். எந்தக் கணினியில், எப்போது கறுக்கிறது, ஒரு வினாடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கேட்டேன். சிவநேசன் விளக்கவில்லை. கோபப்பட்டார். "என் பேட்ச் மூன்று வரி. உங்கள் கேள்வி முப்பது வரி. நான் முப்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். விடை சரியாக இருந்தால் மாணவனுக்கு மதிப்பெண் கொடுப்பேன்" என்று ஆங்கிலத்தில் எழுதினார், உலகமே படிக்கும் இடத்தில். நானும் விடவில்லை. "எங்கள் கணக்கு வாத்தியார் வழிமுறை எழுதாவிட்டால் முட்டைதான் போடுவார்" என்று பதில் போட்டேன். ஒரு நார்வேக்காரர் இடையில் வந்து, முட்டை என்றால் என்ன என்று கேட்டார்.

மறுநாள் காலை அவருடைய பதிலைப் படித்தபோதுதான் கவனித்தேன். மின்னஞ்சலில் பதிவாகியிருந்த நேரம் எங்கள் ஊர் நேரம். அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதினேன்: "சார், நீங்க எந்த ஊர்?" பதில் உடனே வந்தது. "நிபோங் திபால். ஏன்?"

உலகம் முழுவதையும் சுற்றிவந்து நாங்கள் போட்ட சண்டைக்கு நடுவில், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் ஒரு பாலம்தான் இருந்திருக்கிறது.

தொலைபேசியில் பேசியபோது அவர் குரல் அவ்வளவு கோபமாக இல்லை. களைத்திருந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரு நிறுவனத்திடம் பேசிப் பேசி, அவர்கள் பயன்படுத்தி முடித்த மடிக்கணினிகளைப் பள்ளிக்கு வாங்கியிருந்தார். பெற்றோர் கூட்டத்தில் மேடையேறி, விடுமுறை முடிந்து தொடங்கும் அடுத்த தவணையில் பிள்ளைகள் ஆளுக்கொரு கணினியில் படிப்பார்கள் என்று சொல்லியும் விட்டார். கணினிகள் வந்தன. பாதிக் கணினிகள் மூடித் திறந்தால் கறுத்துப்போயின.

"பிள்ளைங்க மூடித் திறக்காம இருப்பாங்களாம்மா? அதான் அதுங்களுக்கு விளையாட்டே. லீவு முடியறதுக்குள்ள சரியாகலைன்னா திருப்பி அனுப்பிடுங்கன்னு எச்எம் சொல்லிட்டாரு. கைதட்டுன பெத்தவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? அதான் நானே உக்காந்து படிச்சேன். எனக்குத் தெரிஞ்சது அந்த மூணு வரிதான்."

விடுமுறையில் கெர்னல் நிரலைத் தானே உட்கார்ந்து படித்து, மாற்ற வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலாவது போய்ச் சேர்ந்திருக்கிறார். நான் சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

பாலத்தில் வண்டி ஓட்ட எனக்குப் பயம் என்பதால் ஆல்பர்ட்தான் ஓட்டினார். பள்ளி வாசலில் சிவநேசன் காத்திருந்தார். மெலிந்த உடம்பு, நன்றாகச் சலவை செய்த சட்டை. "பசியாறிட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. வகுப்பறைக்குள் மேசைகளை இரண்டு வரிசையாகப் போட்டு, நல்ல கணினிகளை ஒரு பக்கமும் கறுக்கும் கணினிகளை ஒரு பக்கமும் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி. உள்ளே இருக்கும் மென்பொருளும் ஒன்றே.

நான் வரும்போதே ஒரு முடிவோடு வந்திருந்தேன். மூடியில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அதை வைத்துத்தான் கணினி, மூடி திறந்ததா மூடியதா என்று தெரிந்துகொள்ளும். காந்தம் பலமிழந்திருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகச் சோதித்தோம். காந்தங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. சிவநேசன், கணினிகள் பழசாகிவிட்டன, அதனால் மெதுவாகிவிட்டன என்றார். அப்படியென்றால் மற்ற வரிசை மட்டும் ஏன் பழசாகவில்லை என்றேன். அவர் இன்னொரு கணினியை மூடித் திறந்தார்; அதுவும் கறுத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆல்பர்ட்டுக்குப் பொழுது போகவில்லை. பாலத்துக் காற்றில் கலைந்த தலையைச் சீவ, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, அணைந்து கிடந்த ஒரு திரையின் முன் குனிந்தார்.

"என்ன இது, இதுல மூஞ்சியே தெரியல" என்றார். எதிர் வரிசைக்குப் போய்க் குனிந்தார். "இதுல நல்லா தெரியுது."

நானும் சிவநேசனும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அண்ணே," என்றார் சிவநேசன் மெதுவாக, "அந்தச் சீப்பை உள்ள வைக்காதீங்க. எல்லாத்துலயும் ஒருவாட்டி பாத்துருங்க."

ஆல்பர்ட் ஒரு திரை விடாமல் முகம் பார்த்துக்கொண்டே போனார். நல்ல வரிசையில் எல்லாம் முகம் தெரிந்தது. கறுக்கும் வரிசையில் தெரியவில்லை. ஒன்றே ஒன்று, கறுக்கும் வரிசையில் இருந்துகொண்டு முகத்தையும் காட்டியது. அதன் உள்ளே வயர் தளர்ந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. நல்ல திரைகள் பளபளப்பானவை, மற்றவை மங்கலானவை. அதாவது கணினி ஒன்றாக இருந்தாலும் திரைப் பலகம் ஒன்றில்லை. நன்கொடைக்கு முன் கணினிகளைச் செப்பனிட்ட யாரோ, உடைந்த பலகங்களை எடுத்துவிட்டுக் கையில் கிடைத்ததைப் பொருத்தியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகப் புரிந்தது. திரைப் பலகத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினால் உடனே மறுபடி கொடுக்கக் கூடாது. உள்ளே மிஞ்சியிருப்பது வடிய வேண்டும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைக் கணினி செய்தவர்கள் அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். டிரைவர் அதை அப்படியே நம்பும். ஆனால் எழுதியிருந்தது பழைய பலகத்தின் கணக்கு. புதிய பலகத்துக்கு அந்தப் பொறுமை போதவில்லை. ஒவ்வொரு பலகமும் கேட்டால் தன் பெயரைச் சொல்லும். கேட்டுப் பார்த்தோம்; மங்கலானவை எல்லாம் ஒரே பெயரைச் சொல்லின. இந்தப் பெயர் சொல்லும் பலகத்துக்கு மட்டும் கூடுதலாகக் காத்திரு என்று டிரைவரிடம் சொன்னால் போதும். உலகத்தில் மற்றவர்கள் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப என் விடை தப்பு" என்றார்.

"இடம் சரி சார். ஒருத்தருக்கு எடுத்த அளவுல ஊருக்கே தச்சுட்டீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி பரமேஸ்வரி வைத்த மீன் குழம்பை ஆல்பர்ட் இன்றும் பேசுகிறார்.

திருத்தத்தை நானே எழுதியிருந்தால் திங்கள் காலைக்குள் முடிந்திருக்கும். கெர்னலின் புதிய வெளியீட்டுக்குத் திருத்தங்களை ஏற்கும் கதவு அடைபடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஸ்டர் ஊய் ஒப்பவில்லை. "அவர் தொடங்கியதை நீ எழுதினால், அடுத்த முறை அவர் நம் பக்கம் வரவே மாட்டார். அவர் எழுதட்டும், நீ படி" என்றார்.

சிவநேசன் எழுதி அனுப்பினார். இந்த முறை விளக்கம் ஒரு பக்கம். நான் படித்தேன். பலகத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தார். அதே பெயரில் ஒழுங்கான வேறு பதிப்பு இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு வினாடி என்பது இன்னும் அப்படியே இருந்தது. குறைந்தது எவ்வளவு தேவை என்று அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பொதுக் குழுவில்தான் கேட்டேன். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"ஏம்மா, நேத்தைக்கு முந்தாநாள் எங்க வீட்டுல மீன் குழம்பு சாப்பிட்டுட்டுதானே போனீங்க?"

"மீன் குழம்பு வேற, பேட்ச் வேற, சார்."

பின்னால் பரமேஸ்வரியின் குரல் கேட்டது. "ரெண்டு துண்டு கூட வச்சிருக்கணும் போல."

அளப்பதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விடுமுறையிலும் பள்ளிக்கு வந்த ஆசிரியர்களையெல்லாம் ஊர் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் மாதிரி உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு கணினியைக் கொடுத்து மூடித் திறக்கச் சொன்னார். காத்திருக்கும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அரை வினாடியில் சில கறுத்தன. அதற்கு மேல் கொஞ்சம் கூட்டியதும் எதுவும் கறுக்கவில்லை. அதையும் சிறிது தாராளமாக்கி எழுதினார். மலாய்ப் பாடம் நடத்தும் அமினா டீச்சருக்கு மணிக்கட்டு வலி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பலகத்தின் பதிப்பு எண்ணும் சேர்ந்துகொண்டது. இப்போது அட்டையை வைத்து மறைத்துப் படித்தாலும் கீழே என்ன இருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பேட்ச்சின் அடியில், உதவியவர்கள் வரிசையில், சிவநேசன் ஆல்பர்ட்டின் பெயரையும் எழுதியிருந்தார். மிஸ்டர் ஊய் அதைப் பார்த்துவிட்டு, "ஆல்பர்ட் யார்? எந்த நிறுவனம்?" என்று கேட்டார்.

"என் கணவர். தலை சீவினார்" என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "முக்கியமானதைக் கவனித்தவர் பெயர் இருக்க வேண்டும். அதுதான் முறை. இருக்கட்டும்" என்றார். நான் என் வரியைச் சேர்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் ஆல்பர்ட் கருத்துச் சொல்வார், பிறகுதான் மற்றவர்கள்.

திருத்தங்களைக் கெர்னலில் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் எங்கோ தொலைதூரத்தில் இருந்தார். கதவு அடைபடுவதற்கு முன் அவரிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது: சேர்க்கப்பட்டது. உடனே சிவநேசன் அழைத்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

"எங்க ஸ்கூல்ல பென்சில் வாங்குறதுக்கே இதைவிட நீளமா எழுதுவாங்கம்மா" என்றார். "எச்எம்கிட்ட சொல்லிட்டு வரேன்" என்று வைத்துவிட்டார்.

தவணை தொடங்கியது. கணினிகள் திரும்பிப் போகவில்லை. சில மாதம் கழித்து, பெரு நாட்டில் ஒரு சிறிய நூலகத்தில் வேலை செய்யும் பெண் குழுவுக்கு எழுதினார்: எங்களிடமும் இதே பலகம் இருந்தது, பழுது என்று அலமாரியில் போட்டுவிட்டோம், இப்போது வேலை செய்கிறது, நன்றி. சிவநேசன் அதைக் காலைச் சபையில் வாசித்தாராம். பெரு எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு வகுப்பு வகுப்பாக உலகப் படத்தைத் தேடினார்களாம்.

அவர் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் மின்னஞ்சல் குழுவை விட்டுப் போகவில்லை. முதலில் மற்றவர்களின் பேட்ச்சுகளைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னார். பிறகு படித்துக் கருத்து எழுதத் தொடங்கினார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண். இரண்டு ஆண்டில் அவர் பெயரைப் பார்த்தாலே இளைஞர்கள் விளக்கத்தை இன்னொரு தடவை சரிபார்த்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற வாரம். மேசையைக் காலி செய்யும் பரபரப்பில், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட ஒரு சிறு துப்புரவுப் பேட்ச்சை அவசரமாக எழுதி அனுப்பினேன். பழைய வரிகள் சிலவற்றை நீக்குவது, அவ்வளவே. கேக் வெட்டி, படம் எடுத்து, எல்லோரிடமும் விடைபெற்று வந்தேன். வீட்டில் மின்னஞ்சலைத் திறந்தால் சிவநேசனின் பதில். நீக்கிய வரிகளில் ஒன்றை இன்னும் ஒரு பழைய கணினி வகை பயன்படுத்துகிறது, அதைச் சோதித்தீர்களா என்று கேட்டிருந்தார். சோதிக்கவில்லை. அவர் சொன்னது சரி. 'இன்னும் சரியாகவில்லை' என்று உலகறிய நிறுத்தி வைத்துவிட்டார்.

ஓய்வின் முதல் திங்கட்கிழமை, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து இரண்டாம் பதிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். ஆல்பர்ட் கோப்பியோடு வந்து பார்த்தார்.

"ரிட்டயர் ஆயாச்சே. இன்னும் என்ன வேலை?"

"வாத்தியார் ஹோம்வொர்க் குடுத்திருக்காரு. நாளைக்குள்ள முடிக்கணும்" என்றேன்.